அரைக் காலடி

போன வருஷம் பிராந்தியப் பெண்கள் கட்டாப் போட்டியில் முதலிடம் வந்தவள் உயிலங்குளத்துச் சுதர்ஷினி. அதே வருஷம், அதே ஞாயிற்றுக்கிழமை, அதே போட்டியில் முதலிடம் வந்தவள் தாழ்வுபாட்டு நிறஞ்சலா. இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி கண்ணால்கூடக் காணவில்லை. ஒருத்தி முருங்கனில் ஒரு மண்டபத்தில் செய்துகொண்டிருந்தபோது மற்றவள் மன்னார்த் தீவில் இன்னொரு மண்டபத்தில் செய்துகொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் மாலை போட்டார்கள். இரண்டு பேரையும் ஓட்டோவில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டினார்கள். இரண்டு பேருடைய சான்றிதழிலும் ‘பிராந்தியச் சம்பியன்’ என்று ஒரே அச்சுக்கூடத்தில் ஒரே எழுத்தில் அடித்திருந்தது. அச்சுக்கூடக்காரனுக்கு மட்டும்தான் இதில் குழப்பம் ஒன்றும் இல்லை.

கட்டா என்றால் எதிராளி இல்லாமல் தனியே நின்று செய்து காட்டும் அடிவரிசை. பாயில் ஏறி, குனிந்து வணங்கி, செய்யப்போகும் கட்டாவின் பெயரை மண்டபம் முழுக்கக் கேட்கச் சொல்லவேண்டும். போட்டிக்காரருக்கு வாய் திறந்து பேச உரிமை உள்ள ஒரே இடம் அதுதான். பிறகு கையும் காலும் மட்டும் பேசவேண்டும்.

ஒரு பிராந்தியத்துக்கு இரண்டு சம்பியன் எப்படி வந்தது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: அரைக் காலடியால் வந்தது. பஸ்ஸாய் டாய் என்ற கட்டாவில், பதினேழாம் எண்ணிக்கைக்கு வலது காலை முன்னே வைத்துக் குத்தவேண்டும். உயிலங்குளத்துப் பார்த்தீபன் சேரின் சங்கத்தில் அதை அரைக் காலடியாக வைப்பார்கள். மன்னார் பெனடிக்ற் சேரின் சம்மேளனத்தில் முழுக் காலடி. இரண்டு சேர்மாரும் ஒரே மாஸ்ரரிடம், சிவசுப்பிரமணியம் மாஸ்ரரிடம், ஒன்றாகப் பழகியவர்கள். மாஸ்ரர் சண்டைக் காலத்தில் கனடாவுக்குப் போய் அங்கேயே கண்ணை மூடிவிட்டார். ஆகவே கேட்க ஆள் இல்லை. அரைக் காலடிதான் மாஸ்ரர் தந்தது, அதில் கை வைக்கிறவன் மாஸ்ரருக்கே துரோகி என்றார் பார்த்தீபன் சேர். உலகம் முழுக்க முழுக் காலடி வைக்கும்போது உயிலங்குளம் மட்டும் நொண்டவேண்டுமா என்றார் பெனடிக்ற் சேர். பதினொரு வருஷத்துக்கு முன் சங்கம் பிளந்தது.

பிளந்தது பிளந்ததாக இருந்திருக்கலாம். இருக்கவிடுவார்களா? ஒரு பக்கம் போட்டித் திகதி அறிவித்தால் மற்றப் பக்கம் அதே திகதியை அறிவிக்கும். சங்கத்துப் பிள்ளை சம்மேளனத்து மண்டபப் படியில் ஏறினால் இரண்டு வருஷத் தடை. சம்மேளனத்துப் பிள்ளைக்கும் அதே தடை. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பக்கத்து யாப்பு விதிகளும் சொல்லுக்குச் சொல் ஒன்று. இந்த அழகுக்குப் பெயர் ஒழுக்கம். பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்புப் போட்டுவிட்டுப் பழக்குவதும் ஒழுக்கம்தான்.

சுதர்ஷினிக்கு மூன்று வருஷமாக மூன்று கிண்ணம். மூன்றாவது கிண்ணத்தோடு ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போனாள். பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கராத்தே பழக்க ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, சான்றிதழை உறையில் போட்டுக்கொண்டு போனாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு லாச்சியைத் திறந்து அதேபோல் இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

“இதே சம்பியன் போன கிழமையும் வந்தவ,” என்றார். “உங்களில ஆர் பிள்ளை உண்மையான ஆள்?”

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, அறியத்தான் கேட்டார். அதனால்தான் சுதர்ஷினிக்கு முகம் எரிந்தது. பதில் அவளுக்கே தெரியாது. நிறஞ்சலாவோடு ஒரு தடவையாவது ஒரே பாயில் நின்றிருந்தால் சொல்லியிருப்பாள். வீட்டுக்கு வந்து மூன்று கிண்ணத்தையும் அலுமாரிக்கு மேலே, சுவர்ப் பக்கம் தள்ளி வைத்தாள்.

அந்த ஆனியில் கொழும்பிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் ஒரே கடிதம் வந்தது. இருபத்தொரு வயதுக்குட்பட்டோர் தேசியப் போட்டிக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு பெயர்தான் ஏற்கப்படும், இரண்டு பெயர் வந்தால் இரண்டும் தள்ளப்படும். மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தர் இரண்டு சேர்மாரையும் கூப்பிட்டு இருத்தி முடிவு சொன்னார். ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை மன்னாரில் இரண்டு பக்கத்துச் சம்பியனும் நேருக்கு நேர் செய்து காட்டவேண்டும். கட்டா பஸ்ஸாய் டாய். நடுவர் ஐந்து பேர்: சங்கத்துக்கு இரண்டு, சம்மேளனத்துக்கு இரண்டு, இரண்டிலும் சேராத ஒருவர். அந்த ஒருவர் மறிச்சுக்கட்டியில் உடற்பயிற்சி ரீச்சராக இருக்கும் பர்ஸானா. நடுவர் பரீட்சையைக் கொழும்பில் பாஸ் பண்ணியவர்.

சுதர்ஷினிக்கு வருகிற தையில் இருபத்தொன்று முடிகிறது. தேசியப் போட்டிக்கு இதுதான் கடைசி வருஷம். இந்தச் சனிக்கிழமை தவறினால் அவள் பாதிச் சம்பியனாகவே கிழவியாகவேண்டியதுதான்.

அவளுக்கு வேலை உயிலங்குளத்துக் கமக்கார அமைப்பின் நெல் ஸ்ரோரில். அறுவடைக் காலத்தில் சாக்குத் தைப்பது, மற்றக் காலத்தில் கூட்டித் துடைத்துக் காவல் பார்ப்பது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எண்பத்துமூன்றுக் கலவரத்தில் அடிபட்டு வந்து குடியேறிய குடும்பம். தாய் ராக்கம்மாவும் வயல் வேலைக்குக் கூலிக்குப் போகிறவள். பின்னேரங்களில் அதே ஸ்ரோருக்குள்தான் பார்த்தீபன் சேரின் வகுப்பு. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று சங்கத்துக்குப் பதவி எட்டு இருந்தாலும், ஸ்ரோர்த் திறப்பு கறுப்பு நூலில் கட்டிச் சுதர்ஷினியின் கழுத்தில்தான் தொங்கும். நாலு மணிக்கு அவள் பூட்டைத் திறந்து ரப்பர்ப் பாய்த் துண்டுகளைத் தரை முழுக்கப் பொருத்தி வைத்தால்தான் வகுப்பு. வகுப்பு முடிந்தால் அவளே கழற்றிச் சுவரோரம் அடுக்குவாள்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம். ஸ்ரோர் வெறுமையாகக் கிடந்தது. கூட்டி முடித்துத் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, பாய் விரிக்காமல் வெறும் சீமெந்துத் தரையிலேயே பஸ்ஸாய் டாய் செய்தாள். பதினேழாம் எண்ணிக்கைக்குக் குத்தி நின்றபோது கண் தரையில் விழுந்தது. காலுக்கு ஒரு சாண் முன்னால், சுளகு அகலத்தில் ஒரு சதுரம். சுற்றியிருந்த சீமெந்து பழையது, சதுரத்துச் சீமெந்து புதியது. இத்தனை வருஷம் கூட்டிய தரைதான், சதுரமும் தெரிந்ததுதான். ஆனால் அந்தச் சதுரத்துக்கு நேரே அவள் அரைக் காலடியில் இப்படி நின்றதில்லை. வகுப்பு நேரத்தில் அது பாய்க்கு அடியில் போய்விடும்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேலே புது இரும்புக் கூரை, பன்னிரண்டாம் ஆண்டு போட்டது. அதற்கு முன் ஓட்டுக்கூரை இருந்ததாகச் சொல்வார்கள். இவ்வளவு அகலத்துக்கு ஓட்டுக்கூரை என்றால் நடுவில் தாங்க ஒன்று இருந்திருக்கவேண்டும். சுதர்ஷினி திரும்பப் போய் முதலிலிருந்து செய்தாள். திரும்பவும் சதுரத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றாள். நாலு தடவை செய்தாள், நாலு தடவையும் அதே இடம்.

அன்று பின்னேரம் அவள் உடனே பாய் விரிக்கவில்லை. பார்த்தீபன் சேர் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது அவள் சதுரத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

“சேர், இதில ஒரு தூண் இருந்ததோ?”

சேர் தரையைப் பார்த்தார். “ஆர் சொன்னது உனக்கு?”

“ஆரும் சொல்லேல்ல. நிண்டு பாத்தனான். அரைக் காலடி சரியா இதுக்கு முன்னால வந்து நிக்குது.”

பிள்ளைகள் இன்னும் வரவில்லை. பார்த்தீபன் சேர் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தார், சரியாக வைத்ததைத் திரும்பவும் சரியாக வைத்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். மறைக்கத்தான் தெரியும்.

“இருந்தது,” என்றார். “மாஸ்ரர் இதுக்குள்ளதான் பழக்கினவர். நாங்கள் பன்னிரண்டு பேர். ஒரு நாள் எங்கட லோறன்ஸ் பதினேழாம் எண்ணிக்கைக்குப் பாய்ஞ்சு போய்த் தூணில நெத்தியை உடைச்சுப்போட்டான். ஆறு தையல். அடுத்த நாள் மாஸ்ரர் சொன்னவர், இந்த இடத்தில அரைக் காலடி வையுங்கோடா எண்டு.”

“லோறன்ஸ் எண்டா, இப்ப சம்மேளனத்தில நடுவரா இருக்கிறவரோ?”

“ஓம். அவன்தான்.”

“அப்ப பெனடிக்ற் சேருக்கும் இது தெரியும்.”

“தெரியாமல்? லோறன்ஸைச் சைக்கிளில வைச்சு ஆஸ்பத்திரிக்கு உழக்கினவனே அவன்தான்.”

“பிறகேன் சேர் பிரிஞ்சனீங்கள்?”

“தலைவர் ஆர் எண்டு ஒரு கதை வந்தது. அவனும் விடேல்ல, நானும் விடேல்ல. அதைச் சொல்லிப் பிரியேலுமோ? சனம் சிரிக்கும். காலடி பிறகு வந்த கதை.” சேர் குரலைத் தணித்தார். “இதை வெளியில சொல்லாத, பிள்ளை. பதினொரு வருஷமா எத்தனை பிள்ளையளுக்கு அரைக் காலடிதான் சரி எண்டு சொல்லிக் குடுத்திருக்கிறன். போட்டி அண்டைக்கு நீ அரைக் காலடிதான் வைக்கவேணும். மாத்தி வைச்சாய் எண்டால் பிறகு என்ர வகுப்புப் பக்கம் வராத.”

சண்டைக்கே காரணம் தலைவர் இருக்கும் ஒரு கதிரை. கதிரைக்குக் காரணம் சொல்ல வெட்கப்பட்டு ஒரு தூணைப் பிடித்தார்கள். தூணையும் சொல்ல வெட்கப்பட்டு மாஸ்ரரைப் பிடித்தார்கள். செத்துப்போன மனிதர் எழும்பி வந்து இல்லையென்று சொல்லமாட்டார் அல்லவா? சுதர்ஷினி அன்று பாயை விரித்த சத்தம் றோட்டு வரைக்கும் கேட்டது.

வீட்டுக்கு வந்து தாயிடம் சொன்னாள். ராக்கம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

“எங்கப்பா சொல்லுவாரு,” என்றாள். “தோட்டத்துல ஒரே லயத்துக்கு ரெண்டு யூனியனாம். மேடையில ஏறுனா ஒருத்தன ஒருத்தன் வெட்டுவேன் குத்துவேன்னு பேசுவானுங்களாம். நம்ம ஆளு ஒருத்தன் நிமிந்து கேள்வி கேட்டா மட்டும் ரெண்டு தலைவரும் சேந்து தொரகிட்ட போயிருவானுங்களாம். நீ பாத்து இருந்துக்க.”

“நான் என்ன செய்யிறது, அம்மா?”

“எனக்கு ஒன் கட்டாவும் தெரியாது காலடியும் தெரியாது. நீ எதை வச்சா ஒனக்குத் தூக்கம் வரும்? அதை வையி.”

சுதர்ஷினி படுத்துக்கொண்டு கொடிகளை எண்ணிப் பார்த்தாள். அரைக் காலடி வைத்தால் சங்கத்து இரண்டு கொடி அவளுக்கு, சம்மேளனத்து இரண்டு கொடி நிறஞ்சலாவுக்கு. கொழும்பில் படித்த பர்ஸானா ரீச்சர் அரைக் காலடியைப் பிழை என்றுதான் பார்ப்பார். ஆகமொத்தம் தோல்வி. முழுக் காலடி வைத்தால் சொந்தச் சங்கத்து இரண்டு பேரும் கோபத்தில் கொடியை மாற்றுவார்கள். சம்மேளனத்தார் தங்கள் பிள்ளையை விட்டு இவளுக்கு ஏன் தூக்கப்போகிறார்கள்? அதுவும் தோல்வி. எப்படிச் செய்தாலும் அவள் செய்யும் கட்டாவை ஒருவரும் பார்க்கப்போவதில்லை, பதினேழாம் எண்ணிக்கையில் காலை மட்டும் பார்க்கப்போகிறார்கள். நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தோற்பதென்றால் சரியாகச் செய்து தோற்கிறேன் என்று முடிவெடுத்தாள்.

முடிவெடுப்பது லேசு. கால் கேட்கவில்லை. எட்டு வருஷம் அரைக் காலடி வைத்த கால், பதினாறு முடிந்ததும் தானாகவே பிடித்து நிறுத்தியது. முழுக் காலடி வைத்தால் அடுத்த திருப்பத்துக்கு உடம்பு தடுமாறியது, பத்தொன்பதாம் எண்ணிக்கைக்கு இடம் மாறியது, கடைசியில் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வரமுடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதும் வெறும் தரையில் நின்று பழகினாள். குறி ஒன்றுதான்: பதினேழுக்குக் குதிக்கால் அந்தச் சதுரத்தின் நடுவில் விழவேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை, ஐம்பது தடவை. பாதம் வெடித்துச் சீமெந்தில் பட்டு எரிந்தது, மஞ்சள் பூசிக்கொண்டு செய்தாள். பின்னேர வகுப்பில் சேருக்கு முன்னால் அரைக் காலடி, மத்தியானம் தனக்கு முழுக் காலடி. மூன்றாம் கிழமை ஒரு நாள், தூண் இல்லை என்பதைக் கால் ஒருவழியாக நம்பியது. அதற்குப் பிறகு அவள் ஒரு தடவையும் தடுமாறவில்லை.

சனிக்கிழமை தாயும் மகளும் எட்டு மணி பஸ்ஸில் போனார்கள். தள்ளாடிச் சந்தி தாண்டிப் பெரிய பாலத்தில் ஏறியதும் ஜன்னலால் தென்மேற்குக் கச்சான் காற்று அடித்தது, ராக்கம்மா சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மண்டபத்துக்குள் நுழைந்தால், கல்யாண வீட்டில் சண்டை பிடித்த இரண்டு பகுதி மாதிரிச் சனம் இருந்தது. நடுவில் பாய். இந்தப் பக்கக் கதிரைகளில் சங்கம், அந்தப் பக்கக் கதிரைகளில் சம்மேளனம். இரண்டு கரைக்கும் தனித்தனி சோடாப் பெட்டி.

சிவப்புப் பட்டி நிறஞ்சலாவுக்கு, நீலப் பட்டி சுதர்ஷினிக்கு. நடுவர்கள் ஐந்து பேரும் வந்து கதிரைகளில் இருந்தார்கள், ஆளுக்கு ஒரு கையில் சிவப்புக் கொடி, ஒரு கையில் நீலக் கொடி. சங்கத்து நடுவர்களில் ஒருவர் ஏரம்பு. பார்த்தீபன் சேரோடு பழகிய பன்னிரண்டு பேரில் மூத்தவர், இப்போது வயல் செய்கிறார். மற்றவர் சேரின் மச்சான், சேர் தும்மினால் அவருக்குத் தடிமன். சம்மேளனத்து நடுவர்களில் உயரமான ஆளின் நெற்றியில் புருவத்துக்கு மேலே ஒரு பழைய தழும்பு இருந்தது. லோறன்ஸ் இவர்தான் என்று சுதர்ஷினிக்கு ஒருவரும் காட்டவேண்டியிருக்கவில்லை. பர்ஸானா ரீச்சர் நடுக் கதிரையில், தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு விதிப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தார்.

நிறஞ்சலா முதலில் செய்தாள். நல்லாகத்தான் செய்தாள். சுத்தமான கை, உறுதியான நிலை, பதினேழுக்கு முழுக் காலடி. மூன்று வருஷமாகப் பெயர் மட்டும் கேட்ட பிள்ளையைச் சுதர்ஷினி அன்றுதான் பார்த்தாள். பார்த்தவுடன் ஒன்று விளங்கியது: இவளோடு போட்டியிடுவதற்குத்தான் இத்தனை நாள் ஆசைப்பட்டது. சங்கத்துக் கரையில் ஒருவரும் கை தட்டவில்லை.

நீலம் என்று கூப்பிட்டார்கள். சுதர்ஷினி கழுத்திலிருந்த திறப்பைக் கழற்றித் தாயின் கையில் கொடுத்தாள். பார்த்தீபன் சேர் பக்கத்தில் வந்து, “அரைக் காலடி,” என்றார். அவள் நீலப் பட்டியை இறுக்கிக் கட்டினாள்.

பாயில் ஏறினாள். குனிந்து வணங்கினாள். நிமிர்ந்து, வயிற்றிலிருந்து குரலை எடுத்தாள்.

“பஸ்ஸாய் டாய்! தூண் இல்லாமல்!”

சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. இது என்ன புதுக் கட்டா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். விளங்க வேண்டியவர்களுக்கு விளங்கியது. பெனடிக்ற் சேர் திறந்த தண்ணீர்ப் போத்தலைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். பார்த்தீபன் சேர் தலையைக் குனிந்தார். ஏரம்புவின் மீசைக்கு அடியில் ஏதோ அசைந்தது. லோறன்ஸின் வலது கை, கொடியோடு சேர்த்து, நெற்றிக்குப் போனது.

சுதர்ஷினி தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பாய் மெத்தென்று இருந்தது, சீமெந்தில் பழகிய காலுக்கு அது தடை இல்லை, சுகம். பத்து. பதினைந்து. மண்டபம் முழுக்க அவளுடைய வலது காலைப் பார்த்தது. பதினாறு. அவள் நடுவர்களைப் பார்க்கவில்லை, தனக்கு முன்னால் அந்தச் சதுரத்தைப் பார்த்தாள். பதினேழு. குதிக்கால் அதன் நடுவில் விழுந்தது.

சங்கத்துக் கரையில் ஒரு முறுமுறுப்பு எழும்பியது. அவள் அதற்குள் திரும்பிவிட்டாள். மிச்ச இருபத்தைந்தும் ஒன்றும் யோசிக்காமல் செய்தாள், எட்டு வருஷம் அடக்கி வைத்திருந்த அரைக் காலடி முழுக்க அதில் இருந்தது. தொடங்கிய இடத்துக்கே, ஒரு விரல் பிசகாமல், வந்து நின்றாள்.

பர்ஸானா ரீச்சர் விசில் ஊதினார். ஐந்து கை எழும்பவேண்டிய நேரம். சேரின் மச்சான் சிவப்பைத் தூக்கினார், சொந்தச் சங்கத்துப் பிள்ளைக்கு எதிராக. சம்மேளனத்து மற்ற நடுவரும் சிவப்பு. பர்ஸானா ரீச்சர் நீலம். ஏரம்பு பார்த்தீபன் சேரை ஒருக்கால் பார்த்துவிட்டு நீலத்தைத் தூக்கினார். இரண்டுக்கு இரண்டு. லோறன்ஸ் மட்டும் மிச்சம். அவருடைய கை இன்னும் தழும்பில் இருந்தது. பெனடிக்ற் சேர் அவரை முறைத்தார். லோறன்ஸ் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, இருபது வருஷம் பொறுத்து வந்த சிரிப்பு. நெற்றியிலிருந்த கையை அப்படியே மேலே தூக்கினார். அந்தக் கையில் இருந்தது நீலம்.

“நம்ம கொடி எது?” என்று ராக்கம்மா பக்கத்துக் கதிரைக்காரரைக் கேட்டாள். அவர் சொன்னதும் திறப்பை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அழுது முடியவில்லை, எதிர்ப்பு வந்துவிட்டது. பெனடிக்ற் சேர் எழும்பி நடுவர் மேசைக்குப் போனார். கட்டாவின் பெயருக்கு மேலதிகமாகச் சொல் சேர்த்தது குற்றம் என்றார். அவர் சொல்லி வாய் மூடுமுன் மறுகரையிலிருந்து பார்த்தீபன் சேரும் எழும்பிப் போனார், அதையே சொன்னார். எழுத்தில் தாருங்கோ என்றார் பர்ஸானா ரீச்சர். ஒரே கொப்பித் தாளில் பெனடிக்ற் சேர் எழுத, பார்த்தீபன் சேர் பேனையை வாங்கிக் கீழே கையெழுத்து வைத்தார். பதினொரு வருஷத்தில் சங்கமும் சம்மேளனமும் சேர்ந்து கையெழுத்து வைத்த முதல் கடிதம் அது. சொந்தப் பிள்ளை வென்றுவிட்டாள் என்ற குற்றத்துக்காக! ராக்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள், சொன்னேனா என்பதுபோல.

பர்ஸானா ரீச்சர் கடிதத்தை வாசித்தார். விதிப் புத்தகத்தை விரித்து அவர்களுடைய பக்கம் திருப்பி வைத்தார்.

“கட்டாவின்ர பேரை உரத்துச் சொல்லவேணும் எண்டு இருக்கு. சொன்னவ. பேருக்குப் பிறகு ஒண்டும் சொல்லக்கூடாது எண்டு எனக்கு ஒரு இடத்திலயும் தெரியேல்ல. இருந்தாக் காட்டுங்கோ.”

இரண்டு பேரும் தாளைப் புரட்டினார்கள். இருக்கவில்லை.

“மற்றது, அந்தத் தூண் கதை என்னெண்டு எனக்கு விளங்கேல்ல,” என்றார் ரீச்சர். “அது மற்றப் பிள்ளையை அவமதிக்கிற சொல்லெண்டா நான் யோசிக்கலாம். உங்கள் ரெண்டு பேருக்கும் விளங்கியிருக்குப் போல. என்ன தூண்? சபைக்குச் சொல்லுங்கோ, எழுதுறன்.”

சொல்ல இரண்டு பேர் இருந்தார்கள், இரண்டு பேருக்கும் எல்லாம் தெரியும். சொன்னால் பதினொரு வருஷம் ஒரே நிமிஷத்தில் போய்விடும். பெனடிக்ற் சேர் பார்த்தீபன் சேரைப் பார்த்தார், பார்த்தீபன் சேர் புத்தகத்தைப் பார்த்தார்.

“ஒண்டுமில்ல, ரீச்சர்,” என்றார் பெனடிக்ற் சேர்.

“அப்ப முடிவு முடிவுதான்,” என்று ரீச்சர் கடிதத்தை மடித்தார். கொழும்புக்குப் போகும் தாளில் ஒரே ஒரு பெயரை எழுதி எல்லாருக்கும் முன்னால் வாசித்தார்.

வெளியே வேம்புக்குக் கீழே நிறஞ்சலா வந்து சுதர்ஷினியின் கையைப் பிடித்தாள். அழுதிருந்தாள். “நீங்கள் நல்லாச் செய்தனீங்கள்,” என்றாள். “ஆனா அது என்ன தூண்?” சுதர்ஷினி சொன்னாள், ஒன்றையும் விடாமல் சொன்னாள். நிறஞ்சலா கேட்டு முடித்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு, “அடுத்த முறை தூண் இல்லாமலே உங்களை வெல்லுறன்,” என்றாள். “வாங்கோ,” என்றாள் சுதர்ஷினி.

பஸ் தரிப்பில் பார்த்தீபன் சேர் மோட்டார்சைக்கிளை அவளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை.

“நாளைக்கு வகுப்புக்கு வராத.”

“சரி, சேர்,” என்றாள் சுதர்ஷினி. தாயின் கையிலிருந்து திறப்பை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். “வகுப்புக்கு வரேல்ல. கதவு திறக்க வாறன்.”

சேர் மோட்டார்சைக்கிளை உதைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவள் ஸ்ரோரைத் திறந்தாள். வழக்கம்போலப் பாயை விரித்தாள். நடுவில் ஒரே ஒரு துண்டை மட்டும் போடாமல் விட்டாள். வந்த பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் அந்த ஓட்டைக்குள் தெரிந்த சீமெந்துச் சதுரத்தைச் சுற்றி நின்று இது என்ன என்று கேட்டார்கள். அவள் மறைக்காமல் சொன்னாள். சொல்லி முடிந்து, தான் வகுப்பில் இல்லை என்பதால், தும்புத்தடியோடு வாசல் பக்கம் போய் நின்றாள்.

நாலு பத்துக்குப் பார்த்தீபன் சேர் வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். பாயைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், தன்னைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். அவர்களுடைய முகத்திலேயே எல்லாம் தெரிந்தது. சுவரோரம் கிடந்த மிச்சத் துண்டை எடுத்து வந்து சதுரத்துக்கு மேலே பிடித்தார். பொருத்தினால் முடிந்தது. அப்படியே குனிந்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு துண்டைத் திரும்பச் சுவரோரம் கொண்டுபோய்ச் சாத்தினார்.

“சுதர்ஷினி,” என்றார், அவளைப் பார்க்காமல். “முன்னால வந்து நில்.”

அவள் தும்புத்தடியை வைத்துவிட்டு வந்து நின்றாள்.

“பஸ்ஸாய் டாய்,” என்றார் சேர். எண்ணத் தொடங்கினார். இருபத்திரண்டு பிள்ளைகளும் அவளுக்குப் பின்னால் செய்தார்கள். பதினாறில் சேரின் குரல் நின்றது. ஒருவரும் அசையவில்லை. வெளியே றோட்டில் ஒரு உழவு இயந்திரம் போய் முடியும்வரை நின்றார்கள்.

“பதினேழு.”

சுதர்ஷினி காலைத் தூக்கிச் சதுரத்தின் நடுவில் வைத்தாள். பின்னால் இருபத்திரண்டு கால்கள் முழுதாக விழுந்தன.

பார்த்தீபன் சேர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “பதினெட்டு,” என்றார்.